இருபத்தேழாவது நகர்த்தல்

அத்தியாயம் 11

ஜெயித்தவர்களுக்கும் தூக்கம் வராது என்பதைக் கவுன்ட்டரம்மா ஐம்பத்தொன்பதாவது வயதில்தான் தெரிந்துகொண்டாள்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குள் சமையலறை அலமாரியை இரண்டு தடவை அடுக்கிவிட்டாள். சர்க்கரை டப்பா மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. கை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மனசு முழுக்க நேற்று மாலை ஆடிய ஆட்டத்திலேயே கிடந்தது.

மருமகளிடம் அறுபத்தோரு ஆட்டம் தோற்றவள், அறுபத்திரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்துவிட்டாள்!

பேருந்து நிலையத்து டிக்கெட் கவுன்ட்டரில் முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு அவள் கவுன்ட்டரம்மாதான். யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒன்று எடுத்து வீசுவாள் என்பதாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலை ஓய்ந்ததும் கை கால் சும்மா இருக்கவில்லை. பூங்காவில் செஸ் ஆடும் நாலு பேர் கூட்டத்தோடு சேர்ந்தாள். ஒரே மாதத்தில் அந்த நாலு பேரையும் தோற்கடித்தாள். ஐந்தாவது வாரம் அலுத்துவிட்டது.

அப்போதுதான் பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டி அவள் கண்ணில் பட்டது. உள்ளே பதினொரு கோப்பைகள். எல்லாம் மருமகளுடையவை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை அந்தப் பெண்.

"என்கூட ஒரு ஆட்டம் போடு" என்று மாமியார் கேட்டாள். பதினாலு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது.

"இன்னொண்ணு" என்றாள்.

மூன்று மாதமாக அந்த இன்னொண்ணு ஓயவில்லை.

"பூங்காவுல ஜெயிக்கிறதை விட்டுட்டு வீட்ல உக்காந்து தினம் அடி வாங்கறியேம்மா?" என்று மகன் ஒருநாள் கேட்டான்.

"அங்க ஜெயிச்சு என்னடா பண்றது? தெரிஞ்சதையே திரும்பத் திரும்ப ஆடறேன். இவகிட்ட தோக்கும்போது தினம் புதுசா ஒரு இடத்துல வலிக்குது. மறுநாள் அந்த இடத்தைப் பாத்துக்கறேன்."

அவனுக்கு அது புரியவில்லை. அம்மா சாப்பிடும்போது தட்டில் விரலால் காய் நகர்த்துவதும், கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பதும், தோற்ற மாலைகளில் யாரோடும் பேசாமல் இருப்பதும்தான் அவனுக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன மனைவியிடம் அவன் கேட்டது நமக்குத் தெரியும். கவுன்ட்டரம்மாவுக்குத் தெரியாது.

'ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்துடேன்.'

* * *

"கலக்கிட்டம்மா!" என்று மகன் காலையில் மூன்றாவது முறையாகச் சொன்னான். லிஃப்ட் மெக்கானிக். நீல நிற வேலைச் சட்டையில் பித்தான் போட்டுக்கொண்டே அம்மாவின் தோளைத் தட்டினான்.

மருமகள் டீயைத் தொடவில்லை. ஏடு படிந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஞாயிறு லைப்ரரி மாடியில போட்டி நடக்குதில்ல? இன்னிக்குப் பேர் கொடுக்கப் போறேன். மேல் பிரிவுல" என்றாள் கவுன்ட்டரம்மா.

மருமகள் தலை நிமிர்ந்தாள்.

"அத்தை, புதுசா ஆடறவங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கே..."

"எதுக்கு? உன்னையே ஜெயிச்சவ நான்!"

"அது வந்து, அத்தை..."

"உனக்கு லேட் ஆச்சு பாரு" என்று மகன் குறுக்கே விழுந்தான். "வா, நான் கொண்டுபோய் விடறேன்."

"என்கிட்ட வண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு மருமகள் பையை எடுத்தாள். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஜெயித்த மயக்கத்தில் இருந்த மாமியாருக்கு அது எதுவும் உறைக்கவில்லை. நோட்டுப்புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு ஆட்டத்தையும் நகர்த்தல் நகர்த்தலாக எழுதி வைப்பது அவள் வழக்கம்.

* * *

போட்டியை நடத்துகிறவர் கண்ணாடிக்கடைக்காரர். கடை மூலையில் எப்போதும் ஒரு செஸ் பலகை விரித்திருக்கும். பார்வை சோதனைக்குக் காத்திருப்பவர்களைப் பிடித்து உட்கார வைத்து ஆடுவார். எழுத்து தெரியாதவர்களுக்கும் குதிரை தெரியும் என்பது அவர் ஜோக்.

"மேல் பிரிவா?" என்று அவர் தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அங்க வர்றதெல்லாம் வருஷக்கணக்கா ஆடறவங்க, அம்மா. ஏழு ரவுண்டும் துவைச்சு எடுத்துடுவாங்க."

"எங்க வீட்டு சாம்பியனையே நேத்து நான் துவைச்சுட்டேன் சார்."

"அட! எங்க, காட்டுங்க பார்ப்போம்."

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவருடைய தட்டில் வைத்துவிட்டு, கவுன்ட்டரம்மா மூலைப் பலகைமுன் உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக் காய்களையும் தானே நகர்த்தினாள். வாய் ஓயாமல் பேசியது. "இங்க அவ மந்திரியைக் கொண்டு வந்தா. நான் அசையலையே! இங்க என் ராணி உள்ள புகுந்துச்சு பாருங்க..."

கண்ணாடிக்கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே ஒரு பெண்மணிக்கு ஃப்ரேம் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்தாறு நகர்த்தல் முடிந்தது. இருபத்தேழு. மருமகளின் முறை. நோட்டில் யானை பின்னுக்கு வந்ததாக எழுதியிருந்தது. கவுன்ட்டரம்மா யானையைத் தொட்டாள்.

கை நின்றுவிட்டது.

யானைக்குப் பக்கத்தில் மருமகளின் குதிரை இருந்தது. அது ஒரு தாவு தாவினால் போதும். கவுன்ட்டரம்மாவின் ராஜாவுக்குச் செக். அதே தாவலில் ராணிக்கும் அடி. ராஜாவை நகர்த்தியே ஆகவேண்டும், ராணி போய்விடும். அத்தோடு ஆட்டமும் போய்விடும். நேற்று தன் தாக்குதலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் இதைக் கவனிக்கவில்லை.

ஆனால் மருமகள் கவனிக்காமல் இருப்பாளா? இந்தக் குதிரை அடியை நாற்பது தடவையாவது கொடுத்தவள் அவள். சாப்பிட்டுக்கொண்டே கொடுப்பாள். போனில் பேசிக்கொண்டே கொடுப்பாள்.

முகத்தில் சூடு ஏறியது. காதுமடல் எரிந்தது.

"அப்புறம்?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், அங்கிருந்தே.

"அப்புறம்..." காய்களை ஒரே வாரலில் டப்பாவுக்குள் தள்ளினாள். "அப்புறம் என்ன, ஜெயிச்சேன்."

எழுந்தாள். தட்டில் மேலாகவே இருந்தது அவள் படிவம். கையை நீட்டினால் எடுத்துவிடலாம். கண்ணாடிக்கடைக்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இருக்கட்டுங்களா, அம்மா?"

நாலு விநாடி ஆனது அவளுக்கு.

"இருக்கட்டும்."

* * *

தெருவில் இறங்கியதும் மகனுக்குப் போன் அடித்தாள். அவன் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் கூண்டின் கூரைமேல் குந்தியிருந்தான்.

"கையெல்லாம் கிரீஸ்மா, சீக்கிரம் சொல்லு."

"அவகிட்ட என்னடா சொன்ன?"

"எவகிட்ட?"

"உனக்கு எத்தனை பொண்டாட்டிடா?"

மறுமுனையில் ஸ்பேனர் ஒன்று கீழே விழும் சத்தம் நீளமாகக் கேட்டது.

"அம்மா... உனக்காகத்தான்மா. நீ இளைச்சுக்கிட்டே போற. தூங்கறதில்ல. தோத்துட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு..."

"பாத்தியா? உனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. அதனால உனக்காகக் கேட்டிருக்க. என் பேரை எதுக்கு இழுக்கற?"

"அப்படியில்லம்மா..."

"நீ நடை பழகினப்போ எத்தனை தடவை விழுந்த தெரியுமா? நான் என்ன, வீடு பூரா மெத்தையா போட்டு வெச்சேன்?"

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். நடந்தாள். பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. நேற்று பூங்காக் கூட்டம் நாலு பேருக்கும் போன் போட்டுச் சொன்னது, மாடி வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னது, காய்கறிக்காரரைக்கூட விடாமல் சொன்னது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து குத்தியது. முக்கால் மணி நேரம் நடந்து மருமகள் வேலை பார்க்கும் இடத்துக்கே போய்ச் சேர்ந்தாள்.

* * *

பல் செட்டு செய்யும் லேப் அது. நீளமான மேஜைமேல் வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வரிசையாகத் திறந்த வாயோடு இருந்தன. சனிக்கிழமை என்பதால் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். மருமகள் மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்னக் கத்தியால் மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை! என்ன இங்க? யாருக்காவது உடம்பு..."

கவுன்ட்டரம்மா நோட்டை அவள்முன் விரித்து வைத்தாள். ஒரு விரலை வைத்துக் காட்டினாள்.

"இருபத்தேழு."

மருமகள் குனிந்து படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கத்தியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்து, துடைத்து, வேறு இடத்தில் வைத்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தக் குதிரைகிட்ட மிதி வாங்கி வாங்கி என் முதுகே தேஞ்சு போச்சு. அது எங்க தாவும்னு எனக்குத் தெரியாதா?"

"மூணு மாசம் முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, அத்தை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது உண்மைதான் என்பது கவுன்ட்டரம்மாவுக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. பொய்யான ஜெயத்தைக் கண்டுபிடிக்கிற கண், நிஜமாகத் தோற்ற அறுபத்தோரு மாலைகளில் வந்த கண். சந்தோஷப்படுவதா, இவளைத் திட்டுவதா என்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவன் சொன்னான்னா நீ செஞ்சிடுவியா?"

"முடியாதுன்னுதான் சொன்னேன். நேத்து உக்காந்தப்பகூட விடணும்னு நினைக்கல. இருபத்தேழாவது மூவ்ல நிமிர்ந்து பாத்தேன். உங்க முகம் அப்படி ஒரு சந்தோஷமா இருந்துச்சு. கை தானா யானைகிட்டப் போயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "இது முதல் தடவை இல்ல, அத்தை."

"எது?"

"வேணும்னே தோக்கறது."

அவள் சொல்லச் சொல்ல கவுன்ட்டரம்மா கேட்டாள். இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி. கடைசி ரவுண்டு. எதிரே உட்கார வேண்டியது பயிற்சியாளரின் மகள். இவளைவிட ஒரு வயது மூத்தவள். 'உனக்கு அடுத்த வருஷம் இருக்கு. என் பொண்ணுக்கு இதுதான் கடைசி' என்று முந்தின நாள் பயிற்சியாளர் கேட்டார். எட்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவர். இவளால் மறுக்க முடியவில்லை.

"ஆட்டம் முடிஞ்சதும் அவ வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, 'நீயும் நல்லாத்தான் ஆடின, மனசைத் தளர விடாதே'ன்னா. அவளுக்கு எதுவும் தெரியாது. அவங்க அப்பா அவகிட்ட சொல்லல. நானும் சொல்லல. அதுக்கப்புறம் பலகைமுன்னாடி உக்காந்தாலே ஒவ்வொரு காயையும் தொடும்போது, இதை நிஜமா ஆடறேனா, இல்ல யாருக்காவது ஆடறேனான்னு ஒரு சந்தேகம். விட்டுட்டேன். பெட்டியைக் கட்டிப் பரண்ல போட்டுட்டேன்."

"அப்புறம் என்கூட மட்டும் ஏன் உக்காந்த?"

"நீங்கதான் தோத்தாலும் 'இன்னொண்ணு'ன்னீங்களே. உங்ககிட்ட நிஜமா ஆடலாம்னு தோணுச்சு." மெழுகுப் பல்லைத் தள்ளி வைத்தாள். "நேத்து அதையும் கெடுத்துட்டேன். மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டு நீங்க சொல்லிக்கிட்டிருந்தீங்களே, அப்போ உள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டேன். கேக்க முடியல."

கவுன்ட்டரம்மா நோட்டை மூடினாள். மேஜைமேல் இருந்த தாடை ஒன்றை எடுத்து, மூடித் திறந்து, மூடி வைத்தாள்.

"உன்மேல எனக்குக் கோவம் நிறைய இருக்கு. அதை இங்க இறக்கினா இந்தப் பல்லெல்லாம் உடைஞ்சிடும். வேலையை முடிச்சிட்டு வீட்டுக்கு வா. பலகையை எடுத்து வெக்கிறேன்."

* * *

மூன்று மணிக்கு உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கு விட்ட, நான் உன்கூடப் பேசறதையே விட்டுடுவேன்" என்றாள் மாமியார்.

"விடமாட்டேன்" என்றாள் மருமகள். முதல் காயை வேகமாக நகர்த்தினாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, போனைத் தொடவில்லை, சிரிக்கவில்லை. காய்கள் ஒவ்வொன்றும் தட்டென்று சத்தம் போட்டு உட்கார்ந்தன. கவுன்ட்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் இவள் பாதி பலத்தோடுதான் ஆடியிருக்கிறாளோ?

பத்தொன்பதாவது நகர்த்தலில் கவுன்ட்டரம்மா ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. அந்த இடத்தில்தான் முந்தின வாரம் அடி விழுந்தது, அதை அடைத்துவைப்போம் என்று தள்ளினாள்.

மருமகளின் கை பாதி வழியில் நின்றது. திரும்பிப் போய் மடியில் விழுந்தது.

ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு, மூன்று என்று போனது. அவள் ஒரு நகர்த்தலுக்கு ஒரு நிமிஷத்துக்குமேல் யோசித்து மாமியார் பார்த்ததேயில்லை. இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். திரும்பி வந்தால் மருமகள் அதே இடத்தில், இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, பலகையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. ஒரு பை நிறையப் பழங்களோடு மகன் உள்ளே வந்தான். வழியெல்லாம் மன்னிப்பு ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான்.

"அம்மா, நான்..."

"ஷ்ஷ்!" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

பையோடு அப்படியே நின்றான்.

பதினொரு நிமிஷம் கழித்து மருமகள் மந்திரியை எடுத்து வைத்தாள். நல்ல நகர்த்தல். கவுன்ட்டரம்மா பதில் கண்டுபிடித்தாள். அதற்கும் ஒரு பதில் வந்தது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சுவிட இடம் இல்லாமல், அவள் ராஜா ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. நாற்பத்து நாலாவது நகர்த்தலில் முடிந்தது.

"தோத்துட்டேன்" என்றாள். முகம் பளிச்சென்றிருந்தது. நோட்டை எடுத்து நேற்றைய பக்கத்தில் 'ஜெயித்தேன்' என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தாள். "இதுதான் அறுபத்திரண்டு. பதினொரு நிமிஷம் யோசிச்சியே, பயந்தியா?"

"பயந்தேன், அத்தை. நிஜமா."

"அது போதும் எனக்கு."

"மேல் பிரிவுல இருந்து பேரை எடுத்துட்டீங்களா?"

"எதுக்கு எடுக்கணும்? ஏழு ரவுண்டும் அடி வாங்கிட்டு வர்றேன். அங்க யாருக்கும் என் பிள்ளை போன் பண்ணிச் சொல்லமாட்டான் பாரு."

மகன் பழப்பையைத் தரையில் வைத்தான். "நான் பண்ணது தப்புதாம்மா."

"தப்புதான். ஆரஞ்சை உரி."

அந்த நேரம் கவுன்ட்டரம்மாவின் போன் ஒலித்தது. மேல் பிரிவில் இதுவரை பேர் கொடுத்தவர்களின் பட்டியலைக் கண்ணாடிக்கடைக்காரர் அனுப்பியிருந்தார். பேர், ஊர், போன் நம்பர். 'இன்னும் ஒரே ஒரு இடம் இருக்கிறது. ஆறு மணியோடு முடிகிறது' என்று கீழே எழுதியிருந்தார்.

"எழுத்து பொடிசா இருக்கு. யார் யாருன்னு படி" என்று போனை நீட்டினாள்.

மருமகள் முதல் பேரைப் பார்த்தாள். படிக்கவில்லை. அவள் முகத்தில் இருந்த நிறம் போய்விட்டது.

"யாரு?"

"அவதான், அத்தை. கோச் பொண்ணு."

கூடத்தில் ஆரஞ்சு வாசனை மட்டும் இருந்தது. மகன் மெல்ல, "நீயும் பேர் கொடேன்..." என்று ஆரம்பித்தான்.

"நீ வாயைத் திற, சுளையைப் போட்டுக்கோ, மூடிக்கோ" என்றாள் அம்மா.

மருமகள் எழுந்தாள். தன் போனில் எதையோ குறித்துக்கொண்டாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். வாசலில் ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒரே பிரிவுல இருந்தா நாமளே எதிரெதிரா உக்கார வேண்டி வரும், அத்தை."

"வரட்டுமே."

"விடமாட்டேன்."

"விட்டுத்தான் பாரேன்!"

மருமகள் சிரித்தாள். அன்றைக்கு அதுதான் முதல் தடவை. படி இறங்கிப் போனாள்.

கவுன்ட்டரம்மா ஜன்னலுக்கு ஓடினாள். ஸ்கூட்டர் கிளம்பியது. தெருமுனைவரை போனது. கடைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. மருமகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். போனைக் காதில் வைத்தாள். யாரோ எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு பேச ஆரம்பித்தாள்.

அது கண்ணாடிக்கடைக்காரர் இல்லை என்று கவுன்ட்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கோச் மகளிடம் சொல்லாததை மருமகள் இப்போது, தெருவில் நின்றுகொண்டு, சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"மணி ஆறாகப் பன்னண்டு நிமிஷம்தான்மா இருக்கு" என்று மகன் பின்னால் வந்து நின்றான். "கடை மூடிடும். நான் ஓடிப்போய் ஞாபகப்படுத்தட்டுமா?"

கவுன்ட்டரம்மா திரும்பாமலே அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னொரு தடவை நீ நடுவுல போகாதே."

மருமகள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுமுனையில் இருந்தவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். இவள் தலையசைத்தாள். மணி ஐந்து ஐம்பத்தொன்று. அவள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.